"பெரியவங்க சொன்னா கேட்கணும்": இந்தப் பாடத்தைத் திருத்திச் சொல்லிக்கொடுக்க ஒரு முழு வழிகாட்டி

மூன்று வயதில் சோறு ஊட்டும்போது, "சாப்பிடலேன்னா போலீஸ்காரர் வந்து பிடிச்சுட்டுப் போயிடுவார்" என்கிறோம். நாலு வயதில், "அடம்பிடிச்சா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லுவேன்". பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியரிடம், "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்". இடையிடையே பூச்சாண்டி, சாக்குப்பையோடு வரும் பிள்ளை பிடிக்கிறவன். பதினெட்டு வருடம் நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள் நான். இவை ஒவ்வொன்றையும் பெற்றோர் வாயால் கேட்டிருக்கிறேன். சிலவற்றை என் மகளிடம் நானே சொல்லியும் இருக்கிறேன்.

இவற்றிலிருந்து குழந்தை இரண்டு பாடம் கற்றுக்கொள்கிறது. தெரியாத ஆள் என்றால் பயப்பட வேண்டும். தெரிந்த பெரியவர் என்றால் சொன்னதைச் செய்ய வேண்டும். நடப்போ தலைகீழாக இருக்கிறது. மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-ல் வெளியிட்ட ஆய்வில் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசினார்கள். ஏதாவது ஒரு வகைப் பாலியல் சீண்டலுக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 53.22 சதவீதம். அதில் ஆண் பிள்ளைகளும் ஏறக்குறைய சரிபாதி. செய்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், அல்லது குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருந்தவர்கள். தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கில், பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் தெரிந்தவர் செய்ததே.

அந்நியர் பயத்தை மட்டும் ஊதிப் பெருக்கினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2018 மே மாதம், பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் வதந்தி பரவிக்கொண்டிருந்த நேரம். சென்னையிலிருந்து குலதெய்வம் கும்பிடப் போன ஒரு குடும்பம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் வழியில் காரை நிறுத்தியது. அதிலிருந்த 65 வயது அம்மா தெருவில் நின்ற குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். ஊரே கூடி அடித்ததில் அவர் இறந்துபோனார்.

ஆகவே ஆள் யார் என்று பார்க்கக் கற்றுக்கொடுப்பதை விட்டுவிட்டு, அவர் என்ன செய்கிறார், என்ன கேட்கிறார் என்று பார்க்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். கீழே இருப்பதெல்லாம் அதற்கான வேலைதான்.

படி 1: மிரட்டலுக்கு யார் பெயரையும் இழுக்காதீர்கள்

செலவில்லாத, இன்றே தொடங்கக்கூடிய படி இது. திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துபோன குழந்தை காக்கிச் சட்டையைப் பார்த்ததும் ஓடி ஒளிந்தால், அதற்கு நாம் ஊட்டிய சோறுதான் காரணம். போலீஸ், டாக்டர், டீச்சர், அப்பா யாரையும் பூச்சாண்டி ஆக்க வேண்டாம். "அப்பா வரட்டும், சொல்றேன் பாரு" என்று தினமும் கேட்கும் பிள்ளை, உண்மையிலேயே ஒன்று நடந்த அன்று அப்பாவிடம் வாய் திறக்காது.

ஆசிரியரிடம் தோலை உரிக்கச் சொல்வதையும் நிறுத்துங்கள். 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-வது பிரிவு, பள்ளியில் உடலாலோ மனதாலோ தண்டிப்பதைத் தடை செய்கிறது. அந்த வசனத்தைக் குழந்தை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறது. தன் உடம்பின் மேல் இன்னொருவருக்கு அம்மாவும் அப்பாவும் உரிமை எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் அதற்குப் புரியும்.

படி 2: உடம்புக்குப் பெயர் சொல்லுங்கள்

மூக்குக்கும் முழங்காலுக்கும் பெயர் சொல்லித் தருகிறோம். ஜட்டிக்குள் இருப்பதற்கு மட்டும் "ச்சீ", "ஷேம் ஷேம் பப்பி ஷேம்". வெட்கப்பட வேண்டிய இடம் என்று கற்ற குழந்தை, அங்கே யாராவது கை வைத்தாலும் வெட்கம் தன்னுடையது என்றுதான் நினைக்கும். செல்லப் பெயர் வைப்பதிலும் சிக்கல் உண்டு. "அந்த அண்ணா என் பூவைத் தொட்டார்" என்று ஒரு குழந்தை டீச்சரிடம் சொன்னால், தலையில் வைத்த பூ என்று எடுத்துக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்?

ஆணுறுப்பு, பெண்ணுறுப்பு, மார்பு, பின்புறம். குளிப்பாட்டும்போது, காதைக் கழுவச் சொல்லும் அதே குரலில் இந்தப் பெயர்களையும் சொல்லிவிடுங்கள். மூன்று வயதில் தொடங்கலாம். ஜட்டி மறைக்கும் இடம், மார்பு, உதடு இவை உன்னுடையவை, குளிப்பாட்டும் அம்மாவோ பாட்டியோ சுத்தம் செய்யலாம், உடம்பு சரியில்லை என்றால் நாங்கள் பக்கத்தில் இருக்கும்போது டாக்டர் பார்க்கலாம், வேறு யாருக்கும் அங்கே வேலை இல்லை. இவ்வளவு போதும். அதேபோல, யாரும் தங்கள் உறுப்பைக் காட்டவோ தொடச் சொல்லவோ கூடாது, போனில் அப்படிப்பட்ட படம் காட்டக் கூடாது, உன்னைப் படம் எடுக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாதிப் பெற்றோர் இதை விட்டுவிடுகிறார்கள்.

"நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்" என்று பள்ளிகளில் சொல்லித்தருகிறோம். நானும் சொல்லித்தந்திருக்கிறேன். அதில் ஓர் ஓட்டை இருப்பதைப் பின்னால்தான் உணர்ந்தேன். கெட்டது என்றால் வலிக்கும் என்று குழந்தை நினைக்கிறது. தவறு செய்கிறவர் தொடக்கத்தில் வலிக்கும்படி எதுவும் செய்வதில்லை. கிச்சுகிச்சு மூட்டுவார், தடவிக்கொடுப்பார், மடியில் வைத்துக் கதை சொல்வார். குழந்தைக்கு அது பிடித்தும் இருக்கலாம். பிறகு "எனக்கும் பிடிச்சிருந்துச்சே, அப்போ என் மேலயும் தப்புதானே" என்று வாயடைத்துப்போகும். "எந்த இடம், யார், மறைக்கச் சொல்றாங்களா" என்று மூன்றைப் பார்க்கச் சொல்வது இதைவிடத் தெளிவாக இருக்கிறது. உனக்குப் பிடித்திருந்தாலும் உன் மேல் தவறில்லை என்பதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

படி 3: "தாத்தாவுக்கு ஒரு முத்தம் கொடு"

ஒரு கல்யாண மண்டபம். என் மகளுக்கு அப்போது நாலு வயது. தூரத்து உறவில் ஒரு பெரியவர், வாஞ்சையான மனிதர், அவளை இழுத்து வைத்து முத்தம் கேட்டார். அவள் என் சேலைக்குள் புகுந்துகொண்டாள். சுற்றி எல்லோரும் பார்க்கிறார்கள். "ஏய், தாத்தாடி, கொடு" என்று நானே அவளைத் தள்ளினேன். கொடுத்துவிட்டு வந்து, என் பக்கத்தில் நின்று, பட்டுப்பாவாடையின் ஓரத்தை எடுத்துக் கன்னத்தை அழுத்தி அழுத்தித் துடைத்தாள். அந்தப் பெரியவர் மேல் எந்தக் குறையும் இல்லை. குறை என்னிடம். நீ வேண்டாம் என்றாலும் பெரியவருக்கு மனசு நோகக் கூடாது என்றால் உன் உடம்பைக் கொடுத்தாக வேண்டும் என்று அன்று சொல்லிக்கொடுத்தேன்.

இப்போது எங்கள் வீட்டில் குழந்தை வணக்கம் சொல்லலாம், கை கொடுக்கலாம், காலில் விழுந்து ஆசி வாங்கலாம். முத்தமும் மடியும் குழந்தையின் இஷ்டம். மாமியார் முதலில் முகம் சுளித்தார். "மரியாதை குறையாது அத்தை, வணக்கம் சொல்லிட்டாளே" என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது. உறவினர் முன்னால் பிள்ளை திணறும்போது அம்மாவோ அப்பாவோ அதற்காகப் பேச வேண்டும். "அவளுக்கு இப்ப வேணாமாம் மாமா" என்று சிரித்துக்கொண்டே சொன்னால் போதும். தனக்காக வீட்டில் ஒருவர் பேசுவார் என்பதைக் குழந்தை இப்படித்தான் கற்றுக்கொள்ளும்.

படி 4: ரகசியம் என்றால் சொல்லிவிடு

பிறந்தநாளுக்கு வாங்கிவைத்த பரிசைச் சொல்லாமல் இருப்பது ஒன்று. அது இரண்டு நாளில் எல்லோருக்கும் தெரிந்துவிடும், தெரிந்தால் எல்லோரும் சிரிப்பார்கள். "அம்மாகிட்ட சொல்லாதே" என்று ஒரு பெரியவர் சொல்வது வேறு. சாக்லேட்டாக இருந்தாலும், போனில் கேம் ஆடக் கொடுத்ததாக இருந்தாலும், அந்த வார்த்தை வந்தால் அன்றே சொல்ல வேண்டும் என்பது வீட்டு விதியாக இருக்கட்டும். இதை நாமும் மீறக் கூடாது. "ஐஸ்கிரீம் சாப்பிட்டதை அம்மாகிட்ட சொல்லிடாதே" என்று அப்பா சொல்லிவிட்டால் விதி செத்துவிடும்.

படி 5: வெளியாட்களிடம்

பெரியவருக்கு உதவி தேவைப்பட்டால் இன்னொரு பெரியவரிடம் கேட்பார். குழந்தையிடம் கேட்க மாட்டார். "பாப்பா, இந்த அட்ரஸ் எங்க இருக்கு, வண்டியில ஏறிக் காட்டேன்", "நாய்க்குட்டி ஓடிப்போச்சு, தேடலாம் வா" என்று யார் கூப்பிட்டாலும், நல்லவரா கெட்டவரா என்று ஆராயும் வேலை குழந்தைக்கு வேண்டாம். மூன்று அடி பின்னால் போய், "எங்க அம்மாவைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு ஆட்கள் இருக்கும் பக்கம் ஓடி வர வேண்டும்.

"அம்மாவுக்கு ஆக்ஸிடென்ட், அப்பா உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னார்" என்பது இன்னொரு வகை. பயத்தில் குழந்தைக்கு யோசிக்க வராது. இதற்கு வீட்டுக்கென்று ஒரு அடையாளச் சொல் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் ரொம்ப நாள் "பனங்கிழங்கு" இருந்தது. ஒருநாள் அவசரத்துக்குத் தம்பியை அனுப்பினேன். தன் சொந்த மாமாவையே பள்ளி வாசலில் நிற்கவைத்து, "என்ன கிழங்கு, சொல்லுங்க" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியில் ஏறினாள் என் மகள். ஒரு தடவை பயன்படுத்தினால் சொல்லை மாற்றிவிட வேண்டும்.

போன் நம்பரை ஐந்து வயதுக்குள் மனப்பாடம் ஆக்குங்கள். எங்கள் பள்ளியில் வாய்ப்பாடு போல ராகம் போட்டுச் சொல்லவைத்தோம், ஒரு வாரத்தில் வந்துவிட்டது. காணும் பொங்கலன்று மெரினாவில் சென்னைப் போலீசார் குழந்தைகள் கையில் பெற்றோர் போன் நம்பர் எழுதிய பட்டையைக் கட்டிவிடுகிறார்கள். மற்ற நாட்களில் சித்திரைத் திருவிழாவுக்கோ பொருட்காட்சிக்கோ போகும்போது நாமே பால்பாயின்ட் பேனாவால் முழங்கைக்கு உள்பக்கம் எழுதிவிடலாம். பெயரைப் பையின் வெளியே பெரிதாக எழுதாதீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டவரைத் தெரிந்தவர் என்று குழந்தை நம்பிவிடும்.

தொலைந்துவிட்டால் முதலில் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். அம்மா திரும்பி அங்கேதான் வருவாள். வரவில்லை என்றால், குழந்தையோடு இருக்கும் ஒரு பெண்ணிடமோ, கடையில் கல்லாவில் இருப்பவரிடமோ, சீருடையில் இருக்கும் போலீசாரிடமோ போய், "நான் தொலைஞ்சு போயிட்டேன், இந்த நம்பருக்குப் போன் பண்ணுங்க" என்று கேட்க வேண்டும். வேறு இடத்துக்கு யார் கூப்பிட்டாலும் போகக் கூடாது.

படி 6: அதிகாரத்தில் இருப்பவரிடம்

இதுதான் கடினமான படி. ஆசிரியர், டியூஷன் சார், வேன் அண்ணா, பி.டி. மாஸ்டர், விடுதி வார்டன், பூசாரி, பாதிரியார், உஸ்தாத், டாக்டர், போலீஸ். இவர்கள் சொன்னதைக் கேள் என்றும் சொல்ல வேண்டும், எல்லாவற்றையும் கேட்காதே என்றும் சொல்ல வேண்டும். குழந்தைக்குப் புரியும் விதம் ஒன்று உண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை இருக்கிறது, அந்த வேலைக்குத் தேவையானதைச் சொன்னால் கேட்க வேண்டும். கணக்கு சார் கணக்குப் போடச் சொல்லலாம். சட்டையைக் கழற்றச் சொல்வது கணக்கு சாரின் வேலை இல்லை. வேன் அண்ணா உட்காரச் சொல்லலாம், மடியில் உட்காரச் சொல்வது வேன் ஓட்டும் வேலை இல்லை. "இது அவங்க வேலையா?" என்று ஏழு வயதுக் குழந்தையால் யோசிக்க முடியும். நான் வகுப்பில் விளையாட்டாகவே கேட்டிருக்கிறேன், ஒருவரும் தப்பாகச் சொன்னதில்லை.

அதிகாரம் என்றதும் பெரிய பதவியை மட்டும் நினைக்காதீர்கள். சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், செவித்திறன் குறைந்த ஒரு சிறுமியைப் பல மாதம் கொடுமை செய்தது 2018-ல் வெளியே வந்தது. கைதான 17 பேரில் லிஃப்ட் இயக்குபவர், காவலாளி, பிளம்பர் எல்லாம் இருந்தார்கள். 2020 பிப்ரவரியில் 15 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. அந்தக் கட்டிடத்தில் சாவியும் சீருடையும் அவர்களிடம் இருந்தன, தினமும் பார்க்கும் முகங்களும் அவர்கள்தான். மாற்றுத்திறன் உள்ள குழந்தைக்கு இந்தப் பாடங்கள் இன்னும் அதிகமாகத் தேவை. சைகையிலோ படத்திலோ, அந்தக் குழந்தைக்கு எது மொழியோ அதில் சொல்லிக்கொடுங்கள்.

இனி பெற்றோர் செய்ய வேண்டியது. 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. (தேசிய மாணவர் படை) முகாம் என்ற பெயரில் மாணவிகளைப் பள்ளியிலேயே இரவு தங்கவைத்தார்கள். பயிற்சி கொடுக்க வந்தவர் போலி. அந்த முகாமுக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்று என்.சி.சி. அறிவித்தது. மாணவி பாலியல் கொடுமைக்கு ஆளானதை மறைத்ததற்காகப் பள்ளியை நடத்தியவர்களும் கைதானார்கள். சீருடை, விசில், "கேம்ப்" என்ற சொல், இவை போதுமானதாக இருந்தன. ஒருவர் கேள்வி கேட்டிருந்தால்? முகாமோ சுற்றுலாவோ விளையாட்டுப் போட்டியோ, அனுப்பும் முன் எழுத்தில் கேளுங்கள்: நடத்துவது யார், அவர் எந்த அமைப்பு, அந்த அமைப்பின் மாவட்ட அலுவலகத்துக்குத் தெரியுமா, இரவு பிள்ளைகள் எங்கே படுப்பார்கள், கூட எந்த ஆசிரியைகள் தங்குகிறார்கள், பிள்ளை எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்குப் பேச முடியுமா. பதில் சொல்லத் தயங்கும் இடத்துக்கு அனுப்ப வேண்டாம். "இவ்ளோ கேக்குறீங்களே மேடம்" என்று சலித்துக்கொண்டால் சலித்துக்கொள்ளட்டும்.

டியூஷனில் கதவு திறந்திருக்க வேண்டும். தனி ஆளாக அனுப்புவதைவிட நாலைந்து பிள்ளைகளோடு அனுப்புங்கள், சொல்லாமல் கொள்ளாமல் அவ்வப்போது சீக்கிரம் போய் நில்லுங்கள். வேனில் முதலில் ஏறுவதும் கடைசியில் இறங்குவதும் யார் என்று பாருங்கள். அந்தப் பிள்ளை டிரைவரோடு தனியாக எவ்வளவு நேரம் இருக்கிறது? உதவியாளர் பெண் இல்லாத வண்டி என்றால் வழித்தடத்தை மாற்றச் சொல்லிக் கேட்கலாம். பள்ளியில் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு இருக்கிறதா என்று கேளுங்கள். 2021-ல் சென்னைப் பள்ளி ஒன்றின் ஆசிரியர் மீது முன்னாள் மாணவிகள் புகார் சொன்ன பிறகு, எல்லாப் பள்ளியிலும் இதை அமைக்கத் தமிழக அரசு உத்தரவிட்டது. அரசுப் பள்ளிகளில் "மாணவர் மனசு" என்ற புகார்ப் பெட்டியும் வந்தது. உங்கள் பள்ளியில் அந்தப் பெட்டியை யார் திறக்கிறார்கள், எப்போது திறக்கிறார்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்டுவிடுங்கள்.

டாக்டரிடம் போகும்போது நாம் உள்ளேயே நிற்க வேண்டும். நல்ல டாக்டர், எங்கே எதற்காகத் தொடப்போகிறார் என்று குழந்தையிடமே முதலில் சொல்வார். சொல்லவில்லை என்றால் "அவகிட்ட சொல்லிட்டுப் பாருங்க டாக்டர்" என்று நாம் கேட்கலாம்.

வளர்ந்த பிள்ளைகளுக்குப் போலீசைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, குறிப்பாகப் பைக்கில் சுற்றத் தொடங்கும் பையன்களுக்கு. நிறுத்தினால் ஓடாதே, எதிர்த்துப் பேசாதே, பெயரையும் வயதையும் சொல், "எங்க வீட்டுக்குப் போன் பண்ணணும்" என்று கேட்டுக்கொண்டே இரு, நாங்கள் வரும்வரை எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே. 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே உள்ள யாரையும் லாக்-அப்பில் அடைக்கக் கூடாது, பிடித்தால் 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். போனில் "போலீஸ் பேசுறேன், வீடியோ கால்ல இரு, உன் படம் எங்ககிட்ட இருக்கு" என்று மிரட்டினால் அது மோசடி. போனில் கைது செய்யும் சட்டம் எதுவும் இல்லை. பணமோ இன்னொரு படமோ அனுப்பாமல் நம்மிடம் வந்து சொல்ல வேண்டும். மிரட்டிய செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள்.

படி 7: ஒத்திகை பாருங்கள்

வாயால் சொல்லிக்கொடுத்தது காலுக்கு இறங்காது. இதை எங்கள் வீட்டுக் கூடத்தில் கண்ணால் பார்த்தேன். மகளுக்கு ஏழு வயது. பத்து நிமிடம் முன்புதான் எல்லாவற்றையும் ஒப்பித்திருந்தாள். என் தம்பியின் நண்பரை, அவள் ஒன்றிரண்டு முறை பார்த்தவர், வாசலில் நிற்கவைத்தேன். "பாப்பா, அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க, வா போலாம்" என்றார். "வர மாட்டேன்" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. அவர் கொஞ்சம் குரலை உயர்த்தி, "மாமா சொல்றேன்ல, கேக்க மாட்டியா?" என்றார். கால் பெருவிரலால் தரையைக் கீறிக்கொண்டு நின்றவள், மெதுவாக இரண்டு அடி அவர் பக்கம் நடந்தாள். நான் கதவுக்குப் பின்னால் நிற்பது அவளுக்குத் தெரியும். விளையாட்டு என்றும் தெரியும். இருந்தும் நடந்தாள். "கேக்க மாட்டியா" என்ற வார்த்தைக்கு அவள் கால் பழகியிருந்தது.

அன்றிலிருந்து வாரம் ஒரு நாள் பழகினோம். உள்ளங்கையைக் காட்டி "வேணாம்!" என்று கத்துவது, பின்னால் நகர்வது, ஓடுவது. யாராவது கையைப் பிடித்து இழுத்தால் வெறுமனே அழக் கூடாது. அடம்பிடிக்கும் பிள்ளை என்று நினைத்துப் பார்ப்பவர்கள் விலகிப் போய்விடுவார்கள். "இவர் எங்க அப்பா இல்ல! எனக்கு இவரைத் தெரியாது!" என்று கத்த வேண்டும். முதல் முறை அவள் கிசுகிசுத்தாள். பத்தாவது முறை எதிர்வீட்டு அக்கா கரண்டியோடு ஓடிவந்துவிட்டார்.

தெரிந்தவர் விஷயத்தில் கத்தக் குழந்தைக்கு வராது. அதற்கு வேறு வாக்கியம் பழக்குங்கள்: "அம்மா கூப்பிடுறாங்க", "எனக்கு வயிறு வலிக்குது, பாத்ரூம் போகணும்". தப்பிக்கப் பொய் சொல்லலாம், மரியாதை இல்லாமல் பேசலாம், அதற்காக நாங்கள் திட்ட மாட்டோம் என்று சொல்லிவையுங்கள். ஒன்றுமே செய்ய முடியாமல் உறைந்துபோய் நின்றாலும் தப்பில்லை, பிறகு வந்து சொன்னால் போதும் என்பதையும் சொல்லுங்கள். பெரியவர்களே உறைந்துபோகிறோம்.

படி 8: சொல்ல வந்ததைக் கேளுங்கள்

ஆறாம் வகுப்பில் எனக்கு ஒரு மாணவன் இருந்தான். செவ்வாயும் வெள்ளியும் மதியத்துக்கு மேல் அவனுக்கு வயிற்றுவலி. அவை டியூஷன் நாட்கள் என்று எனக்குத் தெரியும், படிப்புக்குப் பயந்த வலி என்று நினைத்தேன். ஒருநாள் நோட்டைக் காட்ட வந்தவன், "டீச்சர், அந்த சார் என்னை மட்டும் லேட்டா அனுப்புறார்" என்றான். "உனக்குத் தனியா சொல்லித் தர்றாருடா, நல்லதுதானே" என்று சொல்லி நோட்டில் கையெழுத்துப் போட்டேன். அவன் வாங்கிக்கொண்டு போய்விட்டான். மூன்று மாதம் கழித்து அவன் அம்மா அழுதுகொண்டு வந்தபோதுதான் அவன் எனக்குச் சொல்ல வந்தது என்னவென்று தெரிந்தது. இன்றுவரை அந்த வாக்கியத்தை நான் மறக்கவில்லை.

குழந்தைகள் முழுதாகச் சொல்வதில்லை. ஒரு நுனியை நீட்டி, நாம் பிடிக்கிறோமா என்று பார்க்கிறார்கள். "அந்த மாமா வீட்டுக்கு நான் வரல", "அந்த அண்ணா மேல ஒரு மாதிரி வாசனை அடிக்குது", "என் ஃப்ரெண்டுக்கு ஒண்ணு நடந்துச்சு". இப்படி ஒன்று காதில் விழுந்தால் அடுப்பை அணைத்துவிட்டு உட்காருங்கள். "அப்புறம்?" என்று மட்டும் கேளுங்கள். விட்டுப்போயிருந்த படுக்கை நனைப்பது திரும்புவது, ஒருவர் பெயரைக் கேட்டதும் ஒளிவது, யார் கொடுத்தார் என்று தெரியாத பொருள் பையில் இருப்பது, குளிக்கும்போது உடம்பைக் காட்ட மறுப்பது, வயதுக்கு மீறிய விளையாட்டு, இவற்றுக்கு வேறு காரணமும் இருக்கலாம். கவனித்துக் கேட்பதில் நட்டமில்லை.

முழுதாகச் சொல்லிவிட்டால், நம் முகம்தான் அடுத்த வார்த்தையைத் தீர்மானிக்கும். "நீ சொன்னது நல்லதுடா. நான் நம்புறேன். உன் மேல தப்பில்ல. இனிமே நான் பாத்துக்கறேன்." இந்த நாலு வாக்கியம் போதும். "ஏன் அன்னைக்கே சொல்லல", "நீ ஏன் அங்க போனே" என்று கேட்டுவிட்டால் கதவு மூடிவிடும். திரும்பத் திரும்ப விவரம் கேட்காதீர்கள், வீட்டில் ஒவ்வொருவரிடமும் சொல்லவைக்காதீர்கள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், காப்பாற்ற முடியாது. சந்தேகப்படும் ஆளிடம் நேரே போய்ச் சண்டை போட்டால் தடயமும் போகும், பேரமும் தொடங்கும்.

படி 9: புகார்

குழந்தைகளுக்கான உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள். கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் எடுப்பார்கள். அவசரம் என்றால் 112. பள்ளியில் நடந்தது என்றால் பள்ளிக்கல்வித் துறையின் 14417-ம் உண்டு. அல்லது நேரே அனைத்து மகளிர் காவல் நிலையம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. 18 வயதுக்குக் கீழே ஆணோ பெண்ணோ எல்லோருக்கும் பொருந்தும். பெற்றோர்தான் புகார் கொடுக்க வேண்டும் என்றில்லை, தெரிந்த யாரும் கொடுக்கலாம், கொடுத்தே ஆக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம்வரை சிறை, நிறுவனத்தின் தலைவர் மறைத்தால் ஓராண்டுவரை. "ஸ்கூல் பேரு கெட்டுடும், நாங்களே விசாரிக்கிறோம்" என்று சொல்லும் தலைமையாசிரியருக்கு இதை நினைவூட்டுங்கள். ஆசிரியர், போலீசார், மருத்துவமனை ஊழியர், உறவினர் போன்றவர்கள் செய்திருந்தால் சட்டம் அதைக் கூடுதல் குற்றமாகப் பார்க்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அப்படிப்பட்டவர் செய்யும் வன்புணர்வுக் குற்றத்துக்குக் குறைந்தபட்சமே 20 ஆண்டு.

சமீபத்தில் நடந்தது என்றால் குளிப்பாட்ட வேண்டாம். போட்டிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள், பிளாஸ்டிக்கில் வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு நேரே போகலாம். எஃப்.ஐ.ஆர். இருந்தால்தான் பார்ப்போம் என்று சொல்லக் கூடாது, சிகிச்சை இலவசம். பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும், குழந்தை நம்பும் ஒருவர் கூட இருக்கலாம்.

வாக்குமூலத்துக்குக் குழந்தை ஸ்டேஷன் படி ஏற வேண்டியதில்லை. வீட்டிலோ, குழந்தை விரும்பும் இடத்திலோ, சீருடை இல்லாமல் வந்து வாங்க வேண்டும், முடிந்தவரை சப்-இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி. இரவில் எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கு போலீசார் தகவல் கொடுக்க வேண்டும். வழக்கு முடியும்வரை கூட வர ஓர் ஆதரவு நபரை அந்தக் குழுவிடம் கேட்கலாம், இதைப் பலரும் கேட்பதே இல்லை. நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவர் முகத்தைக் குழந்தை பார்க்காதபடி ஏற்பாடு செய்ய வேண்டும். குழந்தையின் பெயர், பள்ளி, படம், தெரு எதையும் யாரும் வெளியிடக் கூடாது. உறவினர் வாட்ஸ்அப் குழுவில் ஆதங்கத்தில் எழுதுவதும் இதில் சேரும்.

வழக்கு ஒரு பக்கம் நடக்கட்டும். இன்னொரு பக்கம், மறுநாள் காலையில் பிள்ளைக்குத் தலை சீவி, டிபன் கட்டிக்கொடுத்து, எப்போதும் போல் பள்ளிக்கு அனுப்ப முடியுமா என்று பாருங்கள். என் அந்த மாணவனின் அம்மா அதைத்தான் செய்தார். இரண்டு வாரம் அவரே கூட நடந்துவந்து வாசலில் விட்டார். மூன்றாவது வாரம் அவன் "நானே போய்க்கறேன்மா" என்று சொல்லி, பையை வாங்கி மாட்டிக்கொண்டு தனியாக வந்தான்.